செபம் சொல்லிக் கொடுத்தவர்கள்: நான்கு பேரின் அனுபவங்கள்

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். பெரிய வெள்ளியன்று ஒரு வள்ளம்கூடக் கடலுக்குப் போகாது. பிற்பகல் திருச்சிலுவை ஆராதனை முடிந்து, இருட்டும் நேரத்தில் மரித்த ஆண்டவரின் சுரூபத்தைச் சுமந்த ஆசந்தி தெருக்களைச் சுற்றி வந்த பிறகும் சனம் வீட்டுக்குப் போகாது. கோயில் முற்றத்து மணலில் உட்கார்ந்துவிடும். அப்போதுதான் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் என்ற நூலை வாசிப்பார்கள்.

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். கோவாவில் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நிறைய எழுதி, 1742இல் அங்கேயே இறந்தவர். அப்போது அங்கே ஒல்லாந்தர் ஆட்சி. 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனதும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிவிட்டார்கள். 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், பூசை வைக்கக் குருவே இல்லை. அத்தனை காலமும் விசுவாசத்தை வீட்டுக்குள் காப்பாற்றி வைத்தது சாதாரணக் குடும்பங்கள்தான். அப்படிப்பட்ட சனத்துக்காக எழுதப்பட்டது இந்தப் பிரசங்கம். குரு இல்லாத ஊரிலும், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், மற்ற எல்லாரும் ஆண்டவருடைய பாடுகளோடு நடந்துவிடலாம்.

எங்கள் ஊரில் அதை வாசித்தவர் வலை முடையும் ஒரு தாத்தா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நூல் வசனம்தான் என்றாலும் அவர் வாயில் அது ராகமாகவே வரும். ராயப்பர் (பேதுரு) ஆண்டவரை மறுதலிக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தி ஏறக்குறைய முணுமுணுப்பார். தாய் மகனைச் சிலுவை வழியில் சந்திக்கும் இடம் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பும். அது மெல்லிய விசும்பல் இல்லை, சாவு வீட்டில் எழும் அதே ஒப்பாரி. ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். அதற்கு அடுத்த பெரிய வெள்ளியில், குமரிக் கடற்கரையில் கட்டிக்கொடுத்து, புயலில் புருசனைப் பறிகொடுத்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யும் பகுதி வந்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். தாத்தா வாசிப்பதை நிறுத்தினார். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை ஊரே காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த வரி. மாதாவின் மடியில் மகனுடைய உடலாவது இருந்தது என்று பிறகு அவள் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இதற்குப் பதில் சொல்ல எந்த மறையுரையாலும் முடியாது.

தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிக்க ஒரு பையன் வருவான். அந்தப் பையன் இன்றைக்குக் குரு, வடக்கே ஒரு மறைமாவட்டத்தில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்திருந்தபோது, குருமடம் போக வேண்டும் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது என்று கேட்டேன். பீடச் சிறுவனாக இருந்தபோது என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: “டார்ச் பிடிச்சப்போதான். பக்கத்தைத் திருப்பும்போது தாத்தா கண்ணுல தண்ணி நிக்கும். வருசா வருசம் அதே கதை, முடிவும் தெரியும், ஆனா அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா வலிக்கும். இவர் ஒருத்தரை நிஜமா நேசிக்கிறார்னு புரிஞ்சது. அவரை எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருந்தது.”

இப்போது சில ஊர்களில் பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். குரல் தெளிவாக இருக்கிறது, நேரமும் மிச்சம். ஆனால் ஒருத்தி எழுந்து நின்று அழுதால் அந்தப் பதிவு நிற்காது. ஊரில் யாராவது ஒருவருக்கு, தடுமாறினாலும் பரவாயில்லை, வாசிக்கப் பழக்கிவிடுங்கள் என்று பங்குத்தந்தையரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

* * *

எங்கள் பக்கமும் தபசு காலத்தில் பசாம் என்று ஆண்டவருடைய பாடுகளைப் படிப்பார்கள். நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது கனடாவில். நான் எழுத நினைத்தது தோலகட்டி ஆச்சிரமத்தைப் பற்றி.

யாழ்ப்பாணத்தாருக்குத் தோலகட்டி என்றால் நெல்லி ரசமும் முந்திரிகைப் பழ ரசமும்தான் முதலில் ஞாபகம் வரும். அதைச் செய்கிறவர்கள் செபமாலைத் தாசர்கள். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய சபை. ஐரோப்பாவில் இருந்து வந்து இங்கே கிளை திறந்த சபை இல்லை, எங்கள் மண்ணிலேயே உருவான தியான வாழ்வுச் சபை. செபம், மௌனம், ஒறுத்தல், தோட்ட வேலை, இதுதான் அவர்களுடைய நாள். பிரசங்கம் செய்ய ஊர் ஊராகப் போகமாட்டார்கள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்தினால்தான் துறவிகளால் பயன் என்று நினைக்கிறவர்களுக்கு இவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டம். என் அப்பாவும் அப்படித்தான் கேட்பார்: இவ்வளவு பேரும் உள்ளே இருந்து என்ன செய்கிறார்கள்?

எண்பதுகளின் நடுவில் என் மூத்த அண்ணா காணாமல் போனார். வீட்டில் அடுப்பு எரிந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தோலகட்டிக்குப் போனா. ரசம் வாங்குவது ஒரு சாட்டு. போத்தல்களைச் சுற்றிக்கொண்டிருந்த வயதான சகோதரர் ஒருவரின் முன்னால் அம்மா அப்படியே உடைந்து அழுதுவிட்டா. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “எல்லாம் தேவ சித்தம்” என்று சொல்லவில்லை. அழுகை அடங்கும்வரை நின்றார். பிறகு, “பிள்ளையின் பெயர் என்ன?” என்று கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். “ஒவ்வொரு நாளும் சொல்லுவன், அம்மா.” அவ்வளவுதான் அவர் பேசியது.

பல மாதம் கழித்துத் திரும்பப் போனோம். அம்மா வாய் திறக்க முதலே, அண்ணாவின் பெயரைச் சொல்லி, ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டார். கடதாசியைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணா வரவேயில்லை. இதை நான் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் சாட்சியம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேண்டுதல் நிறைவேறிய கதையை மட்டும்தான் சொல்கிறார்கள். நிறைவேறாத வீடுகள் அதைக் கேட்டுவிட்டு, எங்கள் செபத்தில் ஏதோ குறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கின்றன. எங்களுக்குக் கிடைத்தது வேறு. பயத்தில் சொந்தக்காரரே அண்ணாவின் பெயரை உச்சரிக்காமல் விட்ட காலத்தில், அந்தப் பெயரைத் தினமும் நற்கருணைக்கு முன்னால் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச வாழ்நாளை வாழ்ந்தா. அப்பா அந்தக் கேள்வியைப் பிறகு கேட்டதேயில்லை.

1990இல் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஆச்சிரமத்தாரும் எல்லாவற்றையும் விட்டு வெளியேற வேண்டி வந்தது. அந்தச் சகோதரர் பிறகு எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்காக இன்றைக்கும் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்கிறேன்.

* * *

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதைத் தொட்டுவிட்டேன். திருச்சிப் பக்கம். இலத்தீன் பூசைக்கு உதவி செய்த பையன்களில் ஒருவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பதிலுரைகளைச் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். சிலேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுவார். குரு “இந்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி” என்று தொடங்கினால் நாங்கள் “அத் தேயும் குயி லெத்திஃபிகாத்” என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம். உபதேசியார் என்பவர் அந்தக் காலத்தில் முக்கால்வாசி ஊருக்குக் குரு மாதிரிதான். பங்குச் சாமியார் பல கிராமங்களைப் பார்க்க வேண்டும், எங்கள் ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். ஞாயிறு செபம், சாகக் கிடப்பவருக்கு நல்ல மரணத்துக்கான மன்றாட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம், எல்லாம் உபதேசியார்தான். அவருக்குக் கிடைத்த சம்பளத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பாஸ்கு திருவிழிப்பு அப்போது சனிக்கிழமை காலையில் நடந்தது. வெயில் அடிக்கும்போது புதுநெருப்பை ஏற்றுவோம். பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் செய்த சீர்திருத்தத்தால் 1956 முதல் அது இரவுக்கு மாறியது. கும்மிருட்டில் பாஸ்குத் திரி உள்ளே வந்ததைப் பார்த்த அந்த முதல் இரவை நான் மறக்கவில்லை.

இலத்தீன் மேலா, தமிழ் மேலா என்று இளைஞர்கள் இப்போது கடுமையாக மோதிக்கொள்வதைப் பார்க்கிறேன். இலத்தீன் பூசையில் இருந்த அமைதியை நானும் தேடுகிறேன், பொய் சொல்லமாட்டேன். நன்மை (நற்கருணை) வாங்கியவுடன் ஒலிவாங்கியில் அறிவிப்பு வாசிப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் என் அம்மா பூசை முழுவதும் தலையைக் குனிந்து செபமாலை உருட்டிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் பீடத்தில் பேசுவது அவருக்குப் புரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து பூசைக்குத் தமிழ் வந்த பிறகு, ஒரு பெரிய வெள்ளியில் அருளப்பர் (யோவான்) எழுதிய பாடுகள் தமிழில் வாசிக்கப்பட்டது. “இதோ உம் தாய்” என்ற இடத்தில் அம்மா செபமாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு என்னால் தமிழுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

* * *

நான் ஒரு கன்னியர் சபையில் துறவி, செவிலியர் பணியில் இருக்கிறேன். மேலே ஆசிரியர் ஐயா தன் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும், துறவு வாழ்வை வாழ்நாளுக்கும் ஏற்று நான் கொடுத்த இறுதி வார்த்தைப்பாட்டு நாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்று பீடத்துக்கு முன்னால் நாங்கள் தரையில் முகங்குப்புற விழுந்து கிடப்போம். சபை முழுவதும் புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடும். நெற்றி தரையில், கண்ணில் எதுவும் தெரியாது, காதில் மட்டும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்ற பதிலில் என் அம்மாவின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன். பாடகர் குழுவின் ராகத்தோடு சேராமல், எங்கள் வீட்டில் இரவுச் செபத்துக்குச் சொல்வாரே, அதே இழுவையில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதா பிரார்த்தனை முழுவதும் மனப்பாடம். நான் தவறவிட்டால் அடுப்படியிலிருந்தே திருத்துவார். மடத்தில் எனக்கு இறையியல் சொல்லித் தந்தவர்கள் பலர், எல்லாருக்கும் நன்றி உண்டு. செபிக்கக் கற்றுத் தந்தது அம்மா ஒருவர்தான்.

ஆனால் என்னை அனுப்ப மாட்டேன் என்று அதிகம் அழுததும் அம்மாதான். “படிச்ச பிள்ளையை ஏன் மடத்துல தள்ளுறீங்க” என்று உறவுக்காரர்கள் வேறு ஏற்றிவிட்டார்கள். வீட்டில் ஒரு குழந்தை, இரண்டு குழந்தை என்று இருக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அதுதான் குறை.

அதனால் இதைப் படிக்கும் பெற்றோருக்கு விவரமாகவே சொல்கிறேன். மடத்துக்குப் போன அன்றே யாரும் கதவை அடைத்துவிடுவதில்லை. முதலில் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் காலம். பிறகு நவசந்நியாசம் என்ற துறவுப் பயிற்சிக் காலம், திருச்சபைச் சட்டப்படி அது குறைந்தது 12 மாதம். அதன்பின் எடுப்பது தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது 3 ஆண்டு, சபைகள் அதை நீட்டுவதும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகுதான் இறுதி வார்த்தைப்பாடு. தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போது, இது என் வழி இல்லை என்று ஒருத்தி திரும்பி வந்தால் அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. என்னோடு நுழைந்தவர்களில் அப்படித் திரும்பியவர்கள் இன்று நல்ல தாய்மார்கள், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியைகள். ஊர்தான் அவர்களை “மடத்தை விட்டு ஓடி வந்தவள்” என்று பேசிக் காயப்படுத்துகிறது. தயவுசெய்து அந்தப் பேச்சை உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள்.

மகள் ஆசைப்படுகிறாள் என்றால் படிப்பை முடிக்கச் சொல்லுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. மே மாத விடுமுறையில் பல சபைகள் இறையழைத்தல் முகாம் நடத்துகின்றன. அவளை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் போய் மடத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் வயதான சகோதரிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். சபையின் தலைவியைவிட அவர்கள்தான் உங்களுக்குச் சரியாகச் சொல்வார்கள்.