கலைச்சொல்: ‘ஊடியங்குமை’க்குப் பதில் ‘கொள்வினை–கொடுப்பினை’?

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் ரோபோ வகுப்பு எடுக்கிறேன். கைவசம் இருப்பவை லெகோவின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ ரோபோ வரிசையில் வந்த பழைய பெட்டிகள்: 2006-இல் வந்த என்எக்ஸ்டி, 2013-இல் வந்த ஈவி3. அந்த வரிசையையே லெகோ 2022 கடைசியில் நிறுத்திவிட்டது. ஒன்று உடைந்தால் மற்றதிலிருந்து கழற்றி மாட்ட வேண்டியதுதான். இப்படி மாற்றி மாட்ட முடிவதற்கு இந்தக் கலைச்சொல் பக்கத்தில் முன்வைத்த ‘ஊடியங்குமை’ (interoperability) பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. ‘இணக்கம்’ சுலபம்தான், ஆனால் ஏமாற்றுகிறது.

இரண்டு பெட்டிக்கும் ஆறு கம்பி வடம், ஒரே செருகி. மோட்டாரை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாட்டலாம், ஓடும். உணரி (சென்சார்) அப்படியில்லை. என்எக்ஸ்டியின் மீயொலி உணரியை ஈவி3 ஏற்றுக்கொள்ளும். ஈவி3-இன் நிற உணரியோ என்எக்ஸ்டியில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் வாய் திறக்காது. அது பேசுவது யூஏஆர்டி (UART) என்ற தரவு அனுப்பும் முறையில். பழைய பெட்டிக்கு அது புரியாது. இது தெரியாமல் ஐப்பசி மழையில் ஒரு நாள் முழுக்க வடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்!

பெண் எடுப்பது கொள்வினை, கொடுப்பது கொடுப்பினை. மோட்டாரில் இரண்டும் உண்டு. உணரியில் ஈவி3-க்குக் கொள்வினை மட்டும். திசையும் சேர்ந்தே வரும் சொல் என்பதால் கேட்கிறேன்.

— கோத்தகிரியிலிருந்து

*

சார், யோசனை அருமை. ஆனால் ‘கொடுப்பினை இல்லை’ என்றால் எங்கள் குன்னூரில் ‘கொடுத்து வைக்கவில்லை’ என்றுதான் கேட்கும். பாவம், அந்த உணரி! ‘ஏற்பு’ ஒருவழிக்கு, ‘கொண்டுகொடுப்பு’ இருவழிக்கு என்று வைத்தால்?

இன்னொன்று. மாட்டியதும் எரிந்துபோவதைக் குறிக்க இதில் சொல்லே இல்லையே. 5 வோல்ட் மீயொலி உணரியின் எதிரொலிக் கம்பியை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் 3.3 வோல்ட் ஊசியில் (பின்) நேரே கொடுத்தால் அந்தக் கணினியே போய்விடலாம். நடுவில் இரண்டு மின்தடை போட்டு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அந்த நடுச்சுற்றுக்கு என்ன பெயர்?

*

கல்யாணப் பேச்சு என்று ஆனபின் வேறென்ன, ‘தரகு’தான். ஏற்பு, கொண்டுகொடுப்பு இரண்டும் சரி அக்கா. சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

— கோத்தகிரியிலிருந்து