மறு: டி.என்.ஏ. வாக்சின் – ‘கணிமித் தடுப்பூசி’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். கோழிகளுக்கான ‘டி.என்.ஏ. வாக்சின்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பது கேள்வி. ‘கணிமித் தடுப்பூசி’ (கணிமி = பிளாஸ்மிட்) என்பது என் பரிந்துரை. அதற்கு வந்த மாற்று யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘மரபணுத் தடுப்பூசி’ போதுமே, செய்தித்தாள்களில் அப்படித்தானே வருகிறது?

வருகிறதுதான். ஆனால் கோழித் துறையில் அந்தப் பெயருக்கு இன்னொன்றும் உரிமை கொண்டாடும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வைரஸின் ‘எஃப்’ என்ற மரபணுவை வான்கோழி ஹெர்பிஸ் வைரஸுக்குள் செருகிச் செய்த தடுப்பூசிகள் ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. அங்கே மரபணுவைச் சுமப்பது உயிருள்ள வைரஸ். நாம் பேசுவதில் வைரஸே கிடையாது. நோய்க்கிருமியின் ஒரு மரபணுவைக் கணிமியில், அதாவது பாக்டீரியாவில் பெருக்கிய வட்ட டி.என்.ஏ.வில், வைத்துக் கோழியின் தசையில் செலுத்துகிறார்கள். கோழியின் செல்களே அதைப் படித்துப் புரதம் செய்கின்றன. அந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பாற்றல் உருவாகிறது. கொல்லக்கூடிய எச்7 வகை இன்ஃபுளுவென்சாவிலிருந்து (பறவைக் காய்ச்சல்) இப்படிக் கோழிகளைக் காக்க முடியும் என்று 1993இலேயே காட்டிவிட்டார்கள்.

> விக்கியில் டி.என்.ஏ.வுக்குத் ‘தாயனை’ என்று பார்த்தேன். ‘தாயனைத் தடுப்பூசி’?

இதைத்தான் கடுமையாக மறுப்பேன். தாய்க்கோழியிடமிருந்து மஞ்சள் கரு வழியே குஞ்சுக்கு வரும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), உயிருள்ள தடுப்பூசியை முறித்துவிடும். பண்ணையாளருக்கு அது அன்றாடத் தலைவலி. டி.என்.ஏ. வகை அந்தத் தடையை ஓரளவு தாண்டும் என்பதே ஆய்வாளர்களை இழுக்கும் காரணங்களில் ஒன்று. அதற்குப் போய்த் ‘தாய்’ என்று தொடங்கும் பெயரா? தாய்க்கோழிக்குப் போடும் ஊசி என்றுதான் நினைப்பார்கள்.

‘ஊசி’யை எடுத்துவிட்டு ‘தடுப்பு மருந்து’ ஆக்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்பேன். வெள்ளைக்கழிச்சலுக்காகக் கண்ணில் விடும் லசோட்டா சொட்டையே பண்ணையில் தடுப்பூசி என்றுதான் சொல்கிறோம். இதில் ஊசிதான் இன்றைய இடைஞ்சலும். குடிநீரில் கலந்து ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பழகிய இடத்தில், ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் குத்த யாருக்குக் கட்டுப்படியாகும்? 2017இல் எச்5 பறவைக் காய்ச்சலுக்கான ஒரு கணிமித் தடுப்பூசிக்கு அமெரிக்க வேளாண் துறை நிபந்தனை உரிமம் தந்தது, அதுவும் ஊசிதான். கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) நுண்துகளில் பொதிந்து மூக்கு வழியே கொடுப்பது, அடைகாக்கும் முட்டைக்குள்ளேயே செலுத்துவது என்று மேம்படுத்தும் முயற்சிகள் நடப்பது இதனால்தான்.

ஆகவே பாடநூலுக்குக் ‘கணிமித் தடுப்பூசி’. பண்ணைத் துண்டறிக்கையில் ‘டி.என்.ஏ. தடுப்பூசி’ என்றே இருக்கட்டும், கணிமி அங்கே யாருக்கும் தெரியாது.

அப்புறம், தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் பொருளுக்குத் (அட்ஜுவன்ட்) ‘துணையூக்கி’ சரியா? கோழியின் இன்டர்லூகின் (எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் புரதம்) மரபணுவையே அப்படிச் சேர்த்துப் பார்க்கிறார்கள்; அதற்கும் பொருந்த வேண்டும். கால்நடை மருத்துவ நண்பர்கள் சொல்லுங்கள்.