எடைக்குப் போன வைஸ்: உங்களுக்கும் இப்படி ஒன்று கைநழுவியிருக்கிறதா?

உக்கடத்தான்

போன மாதம் நடந்தது. இன்னும் காதுக்குள் அந்தச் 'சர்ர்' கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் நான் வழக்கமாகப் போகும் பழைய இரும்புக் கடை. ஏதோ ஒரு மில்லின் மெயின்டெனன்ஸ் பட்டறையைக் காலி செய்த சரக்கு வந்திருந்தது. புல்லி, ஷாஃப்ட், பல் தேய்ந்த கியர், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வைஸ், பெஞ்சில் பொருத்தி வேலைத் துண்டை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிப்போமே, அது. கிரீஸும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து விரற்கடை கனத்துக்குக் கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. கீழே கிடந்த ஹாக்ஸா பிளேடு துண்டால் சுரண்டினேன். முதலில் 'பெர்ஃபெக்ட்' என்ற எழுத்து, பார்க்கின்சன் கம்பெனி தன் வைஸுக்கு வைத்த பேர். பக்கத்தில் 'வைஸ்', அதில் மூன்றாவது எழுத்து சி. சி என்றால் இங்கிலாந்து, எஸ் என்றால் அமெரிக்கா, இது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கைப்பிடிக்குப் பின்னால் நாக்கு மாதிரி ஒரு சின்ன விசை. அதை அழுத்தி இழுத்தேன். திருகைத் தொடவே இல்லை. முன் தாடை மேசை டிராயர் மாதிரி சர்ரென்று வெளியே வந்தது. விசையை விட்டு அரைச் சுற்று திருப்பினால் மரை கவ்விக்கொள்கிறது. மறுபடி அழுத்தித் தள்ளினால் உள்ளே. எத்தனை வருடம் எண்ணெய் காணாத உருப்படியோ! பத்துத் தடவையாவது இழுத்து இழுத்துப் பார்த்திருப்பேன். கடைப் பையன் சிரித்தான்.

கடைக்காரருக்குக் கணக்கு கிலோவில்தான். தராசில் ஏற்றினோம், 32 கிலோ. நான் போயிருந்தது பைக்கில். "நாளைக்கு வேன் எடுத்துட்டு வர்றேண்ணா" என்றேன். புத்தி எங்கே போயிருந்ததோ, நூறு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் போனால் ஏழெட்டுத் துண்டாகக் கிடக்கிறது. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியின் லாரி வந்திருக்கிறது, காஸ்ட் அயனைச் சின்னத் துண்டாகக் கேட்டார்களாம், சம்மட்டியால் போட்டுவிட்டார்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், கற்கண்டை உடைத்த மாதிரி மினுமினுத்தது. கடைக்காரர் கேட்டார்: "நாளைக்கு வர்றேன்னு போனவங்கள்ல எத்தனை பேரு சார் வந்திருக்காங்க?" என்னிடம் பதில் இல்லை. கோயம்புத்தூர் பவுண்டரிக்குப் போனது இந்நேரம் பம்பு செட்டாகி ஏதாவது ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கியிருக்கும்.

ஈரிக்கரை

நண்பரே, உங்கள் கை நழுவியது இரும்பு. எனக்கு நழுவியது வாய்.

பென்சில்வேனியாவில் ஈரி நகரத்தில் இருக்கிறேன். ரீட் கம்பெனி வைஸ் பிறந்த ஊர். இங்கே பழைய வைஸ் பொறுக்குவது தேங்காய் பொறுக்குவது மாதிரி, கண் பழகிவிட்டால் எல்லா இடத்திலும் கிடக்கும். ரீட், பிரென்டிஸ், கொலம்பியன், ஏதல் என்று அமெரிக்கக் கம்பெனி வைஸ்கள் என் கராஜில் பதினொன்று இருக்கின்றன. மெரிடன் ஊர் சார்லஸ் பார்க்கர் ஒன்று உண்டு. அந்த ஆள் துப்பாக்கியும் செய்தவர். ஆனால் எழுத வந்தது சிகாகோ கம்பெனியான வில்ட்டனின் வைஸைப் பற்றி.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனை. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். நிலவறையில் அவருடைய பெஞ்ச். அதன் மூலையில் தோட்டா வடிவ வில்ட்டன், உடம்பில் 'சிகாகோ' என்று வார்த்திருந்தது. 1957-இல் கம்பெனி சிகாகோவை விட்டுப் புறநகரான ஷில்லர் பார்க்குக்குப் போனது, ஆகவே அதற்கு முந்தியது. தேதி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தாடையை முழுக்கத் திறந்து, பெஞ்சுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் சறுக்குக் கட்டையின் அடிப்பக்கம் பார்த்தேன். '4 51'.

அந்த அம்மாவுக்குத் தொண்ணூறை நெருங்கிய வயது. மாடிப்படியில் உட்கார்ந்து நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, கையைத் துடைத்து, பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: "இது 1951 ஏப்ரல்." அவர் தலையாட்டினார். "இல்லை, 46. அவர் ராணுவத்திலிருந்து வந்த வருடம். முதல் சம்பளத்தில் வாங்கினார், எனக்கு மோதிரம் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கினார்." நான் விடவில்லை. இரும்பில் அடித்திருக்கிறது, இரும்பு பொய் சொல்லாது, உங்களுக்கு நினைவு மாறியிருக்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் வைஸைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார்.

இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய வில்ட்டனில் அடித்திருப்பது செய்த தேதி இல்லை, ஐந்து வருட உத்தரவாதம் முடிகிற தேதி. 51-இல் ஐந்து கழித்தால் 46. கிளம்பிப் போய்ப் பார்த்தேன். வீடு கைமாறியிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

வைஸ் என்னிடம்தான் இருக்கிறது. சொல்லப்போனால் வில்ட்டனோடு ஒப்பிட்டால் அந்தப் பார்க்கின்சனெல்லாம் பெரிய இழப்பே இல்லை, உக்கடத்தான் மனதைத் தேற்றிக்கொள்ளவும்.

பழைய பிட்டர்

கடைசி வரி தேவையில்லாத வரி, ஈரிக்கரை தம்பி. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வேலையை அதில் மாட்டிக் கழற்றுகிறீர்கள்? நாற்பது ஐம்பது உருப்படி மாட்டிக் கழற்றுகிறவனுக்கு அந்த விசை ஒரு வரம். ஒவ்வொரு தடவையும் திருகைச் சுற்றிச் சுற்றித் திறந்தால் சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும்.

என் கதை சின்னது. 1979, ரயில்வே பட்டறை ஒன்றில் அப்ரெண்டிஸ். எனக்கு ஒதுக்கிய வைஸ் இங்கிலாந்து ஷெஃபீல்டின் ரெக்கார்ட் கம்பெனி, எனக்கு முன்னால் மூன்று தலைமுறைக் கை பட்டது. ஒரு நாள் பிடி போதவில்லை என்று கைப்பிடியில் ஜி.ஐ. பைப்பை மாட்டித் தொங்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே நட்டு போய்விட்டது. சார்ஜ்மேன் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். குனிந்து பைப்பை எடுத்து ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

இனி உக்கடத்தானுக்கு. கடைக்குப் போனவுடன் எழுத்தைச் சுரண்டியது முதல் தப்பு. பேர் அப்புறம். முதலில் சின்னச் சுத்தியால் உடம்பில் நாலு இடத்தில் தட்ட வேண்டும். நல்ல வார்ப்பு மணி மாதிரி பேசும், விரிசல் விட்டது மண்பானை மாதிரி பேசும். அப்புறம் முன் தாடையின் கழுத்து, சறுக்கு உடம்புக்குள் நுழைகிற இடம், இரண்டிலும் பித்தளைக் கோடு ஓடுகிறதா பார்க்க வேண்டும். ஓடினால் ஒருதரம் உடைந்து பிரேசிங் வைத்தது. வைஸைப் பாதி திறந்து தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கால் சுற்று வெற்றாகச் சுற்றுகிறது என்றால் மரை தேய்ந்தது. தாடைத் தகட்டில் பின்னல் வரி மழுங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், தகடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை போயிருந்தால் அதைக் கழற்றுவதற்குள் உயிர் போகும். பெஞ்சில் பொருத்தும்போது நிலையான தாடை பெஞ்ச் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகத் தரைவரை இறக்கிப் பிடிக்கலாம். பெஞ்ச் விளிம்பு இடிக்கிற வைஸ்களை யூடியூப்பில் பார்க்கிறேன், பார்க்கும்போதே கை அரிக்கிறது. உயரம், நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால் தாடையின் மேல்முகம் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு மேலே இருந்தால் ராவும்போது அரம் சாயும். வழவழப்பான வேலை என்றால் செம்புத் தகட்டை மடித்துத் தாடைக்குத் தொப்பி போடுங்கள். வைஸ் மேல் வைத்துச் சம்மட்டி அடிக்காதீர்கள். அதற்குப் பட்டடைக்கல் இருக்கிறது, கொல்லன் பட்டறையில் கால் வைஸ் இருக்கிறது. கால் வைஸின் நீண்ட கால் தரையில் ஊன்றி அடியை வாங்கிக்கொள்ளும், அது காஸ்ட் அயனும் இல்லை.

நட்டு போல்ட்டு

ஐயா, அவருடைய வைஸே உடைந்துபோச்சு. எங்கே பொருத்துவது?

உக்கடத்தானிடம் ஒரு கேள்வி. அது பார்க்கின்சன் என்று எப்படி உறுதி? விசை வைத்த வைஸ் ரெக்கார்டிலும் உண்டு. 52, 53 நம்பர் மரவேலை வைஸ்கள் விசை வைத்து வந்தவைதான். பிட்டர் வைஸிலும் விசை வைத்தவை உண்டு. நானே ஒருதரம் விசையைப் பார்த்து ஏமாந்து, பேர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்த ஒரு உள்ளூர் உருப்படிக்கு நாலாயிரம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தேய்த்தால் புட்டி உதிர்ந்து மணல் குழி மணல் குழியாக வருகிறது. அதைப் பார்த்து என் மனைவி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

உக்கடத்தான்

'பெர்ஃபெக்ட்' என்று எழுதியிருந்ததே. மறுநாள் உடைந்த துண்டு ஒன்றில் 'ஷிப்லி' என்ற எழுத்தும் முழுசாக இருந்தது. யார்க்‌ஷயர் ஷிப்லி. சந்தேகத்துக்கு இடமில்லை, அதுதான் வயிறெரிகிறது. மரவேலை வைஸும் இல்லை. அது பெஞ்சுக்கு அடியில் தொங்குகிற ஜாதி, தாடையில் பலகை வைத்து ஸ்க்ரூ அடிக்க ஓட்டை இருக்கும். இது மேலே உட்காருகிற ஜாதி.

பனங்காணி

நான் யாழ்ப்பாணம், இப்போது டொரோண்டோ. அப்பாவுக்குச் சின்னக் கராச் இருந்தது, லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மிசின் திருத்துவார். அவரிடம் ஒரு ரெக்கோர்ட் 3, நாலு அங்குலத் தாடை, அந்த நீல நிறம்.

95 ஒக்டோபர் போர்க்கால இடப்பெயர்வில் எல்லாரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் போகிறோம். அப்பா மட்டும் வெளிக்கிட முன்னம் ஒரு மணித்தியாலம் காணாமல் போனார். வைஸைக் கழற்றி, கிரீஸ் அப்பி, ரியூப் சுற்றி, முருங்கை மரத்தடியில் தாட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மா பேசாத பேச்சில்லை.

அடுத்த வருசம் திரும்பினால் மரமும் இல்லை, மதிலும் இல்லை. எந்த இடம் என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. இரண்டு நாள் அலவாங்கால் குத்திக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் 'ணங்' என்றது. எடுத்ததும் கழுவக்கூட இல்லை. என் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்துத் தாடைக்குள் வைத்து இறுக்கி, ஒரு மூலையை இழுத்தார், வரவில்லை. மற்ற மூலையை இழுத்தார், அதுவும் வரவில்லை. தாடை வளையவில்லை என்று பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் நிலத்தில் குந்தினார்.

எனக்குக் குத்துவது இது இல்லை. 2003-இல் விடுமுறைக்குப் போனபோது அப்பாவுக்கு நல்லது செய்கிறேன் என்று வயர் பிரஷ் போட்டு முழுக்கத் தேய்த்து, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். "நீலமாய் இருந்தது" என்றார், அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை. போன முறை போனபோது பார்த்தேன், கைப்பிடி ஆடுகிற குமிழுக்குப் பின்னால் என் பிரஷ் எட்டாத இடத்தில் பெருவிரல் அகலத்துக்கு நீலம் மிஞ்சி இருக்கிறது.

நட்டு போல்ட்டு

அண்ணா, மனசு என்னமோ பண்ணிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், வயர் பிரஷ்ஷே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், இரண்டு கை சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் வைஸுக்கு, பிளஸ் ஏதாவது ஓட்டை இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ராத்திரி முழுக்க விட்டால் செந்துரு கறுப்புப் பொடியாகி, துணியால் துடைத்தாலே போய்விடும். தகட்டுக்கு எவர்சில்வர் மட்டும் போடாதீர்கள், அதிலிருந்து வருகிற குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வாயுவும் வரும், அதனால் மூடிய அறையில் வைக்கக்கூடாது, பக்கத்தில் பீடி பற்ற வைக்கவும் கூடாது. ஒரே ஒரு சங்கடம், பெயின்ட்டும் சேர்ந்து உரிந்துவிடும்.

பழைய பிட்டர்

அப்போது மிஞ்சியிருக்கிற நீலமும் போய்விடுமே ஐயா! பனங்காணி, இவர் பேச்சைக் கேட்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். அந்தப் பெருவிரல் அகலத்தைத் தொடவே வேண்டாம்.

ஈரிக்கரை

பழைய பிட்டர் ஐயாவிடம் மன்னிப்பு. அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. அந்த அம்மாவிடம் பேசிய அதே வாய்தான் இங்கேயும் பேசியிருக்கிறது.

உக்கடத்தான்

விட்டுப்போன ஒரு விஷயம். லாரிக்கு ஏற்றும்போது கைப்பிடிக் கம்பியைக் கடைப் பையன் தனியாக எடுத்து வைத்திருந்தான், அது ஸ்டீல், காஸ்ட் அயன் லோடில் சேராது. "நேத்து இழுத்து இழுத்து விளையாடினீங்களே" என்று சும்மாவே கொடுத்துவிட்டான். இப்போது என் பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அதுதான்.

பழைய பிட்டர்

கனம் எத்தனை மில்லி? இரண்டு முனையிலும் உருண்டை இருக்கிறதா, ஒன்று கழன்று வருமா? என்னிடம் கைப்பிடி இல்லாமல் ஒரு வைஸ் நாலு வருடமாகக் கிடக்கிறது. தாழ்ப்பாளுக்கு நான் வேறு கம்பி அனுப்புகிறேன்.