இரண்டு கேப்சர் கார்டுக்கும் ஒரே க்ளாக்: எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் ரேடியோ) வைத்துக் கொடுக்கலாமா?

எஜிபுராவாசி:

வணக்கம். அக்கா கல்யாண கேசட்டைப் பரணையிலிருந்து இறக்கியிருக்கிறேன். 1994, கிருஷ்ணகிரி, மூன்று மணி நேர விஎச்எஸ். டெக்கின் ஏவி அவுட்டிலிருந்து எடுத்தால் முகம் எல்லாம் மெழுகு மாதிரி வருகிறது. அதனால் டெக்கைத் திறந்து ஹெட் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்தே ஆர்எஃப்பை (டேப்பிலிருந்து வரும் மூல சிக்னலை) இழுத்து, பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு சிஎக்ஸ்23881 கேப்சர் கார்டுகளில் அப்படியே பதிவு செய்கிறேன், ஒன்றில் வீடியோ, இன்னொன்றில் ஹைஃபை ஆடியோ, பிறகு சாஃப்ட்வேரில் டீகோடு.

படம் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு கார்டிலும் க்ளாக், அதாவது சாம்பிள் எடுக்கும் தாளம், தருவது தனித்தனி 28.636 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். டேப் முடியும்போது சத்தம் அரை நொடி பின்னால் வருகிறது. தாலி கட்டிக் கையை எடுத்த பிறகுதான் கெட்டி மேளம் கேட்கிறது, அம்மா பார்த்துவிட்டு "இது என்ன அபசகுனம்" என்கிறார்.

சரி, கிரிஸ்டல்களைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் ஒரே க்ளாக் கொடுக்கலாம் என்று கையில் இருந்ததை வைத்து முயன்றேன். முதலில் எஃப்எல்2000 சிப் உள்ள யூஎஸ்பி-விஜிஏ டாங்கிளில் ஆஸ்மோ-எஃப்எல்2கே (டாங்கிளை சிக்னல் ஜெனரேட்டர் ஆக்கும் சாஃப்ட்வேர்) போட்டு, 100 மெகாசாம்பிள் வேகத்தில் 28.636 சதுர அலை. படமே கிடைக்கவில்லை, வெறும் கிழிசல். அடுத்து ஹேக்ஆர்எஃப் என்ற எஸ்டிஆரை அதே அலைவரிசையில் சும்மா கேரியர் (எந்தச் செய்தியும் ஏற்றாத வெறும் அலை) மட்டும் அனுப்ப வைத்து ஸ்ப்ளிட்டர் வழியாகக் கொடுத்தேன். சத்தம் இம்மி பிசகாமல் பொருந்துகிறது, ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஜிட்டர், அதாவது க்ளாக் விளிம்புகளின் நேர நடுக்கம்தான் காரணமா? ஜிபிஎஸ் க்ளாக் ஒன்று வாங்கிவிடலாமா?

ஜாலஹள்ளி_ஆர்எஃப்:

முதல் முயற்சி ஏன் கெட்டது என்பது எளிது. 100 மெகாசாம்பிள் என்றால் ஒரு சாம்பிள் 10 நானோநொடி. உங்களுக்கு வேண்டிய அரைச் சுற்று சுமார் 17.5 நானோநொடி. சதுர அலை சாம்பிள் எல்லையில்தான் திரும்ப முடியும், அதனால் ஒரு அரைச் சுற்று 10, அடுத்தது 20, மறுபடி 20 என்று தாறுமாறாக விழும். சராசரி அலைவரிசை துல்லியம், விளிம்புகள் குடிகாரன் நடை.

அதே டாங்கிளில் சைன் அலை அனுப்பி, பின்னால் 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு ஃபில்டர் போட்டிருந்தால் கதையே வேறு. சைன் அலையின் சாம்பிள் உயரங்களிலேயே "பூஜ்யத்தைத் தாண்டும் இடம் இது" என்ற செய்தி ஒளிந்திருக்கிறது, ஃபில்டர் அதை வெளியே கொண்டுவரும், சாம்பிளுக்கு நடுவில்கூட. 8 பிட்டின் இரைச்சலை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த அலைவரிசையில் ஜிட்டர் 13 பிகோநொடி அளவுக்குத்தான் வரும். 10 நானோநொடி எங்கே, இது எங்கே. டாங்கிளின் சொந்த பிஎல்எல் (கிரிஸ்டலிலிருந்து வேறு அலைவரிசையை உண்டாக்கும் சுற்று) எவ்வளவு சுத்தம் என்பது தனி விஷயம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, யூஎஸ்பியின் தடுமாற்றம் க்ளாக்கில் வராது. சாம்பிளை வெளியே தள்ளுவது போர்டில் உள்ள க்ளாக்தான், இடையில் பஃபர் இருக்கிறது. ஆனால் கணினி ஒரு கணம் வேறு வேலைக்குப் போய் பஃபர் காலியானால் க்ளாக்கே அறுந்துவிடும். மூன்று மணி நேர டேப்புக்கு அதுதான் பயம்.

ஹேக்ஆர்எஃப் விஷயம் சுவாரசியமானது. அது 28 மெகாஹெர்ட்ஸை நேரடியாக உண்டாக்குவதில்லை, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு இடைநிலையில் உண்டாக்கி மிக்ஸரில் கீழே இறக்குகிறது. வகுத்து இறக்குவதற்கும் மிக்ஸ் செய்து இறக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். 2.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி ஆட்டம் என்றால் சுமார் 1 பிகோநொடி. கவுன்டரால் வகுத்தால் நேரத்தில் அதே 1 பிகோநொடிதான் மிஞ்சும். மிக்ஸரில் இறக்கினால் டிகிரி அப்படியே தங்கும், 28.6 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி என்பது 97 பிகோநொடி. நல்ல ஆஸிலேட்டரின் உழைப்பு வீண்.

சிவாஜிநகர்_சால்டரிங்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் தம்பியின் புள்ளிகளுக்கு அது காரணம் இல்லை. 97 பிகோநொடி என்றே வைத்துக்கொள்வோம். பிஏஎல் விஎச்எஸ்ஸில் வெள்ளை உச்சம் 4.8 மெகாஹெர்ட்ஸ், அந்த இடத்தில் இந்த ஜிட்டர் கொடுக்கும் சிக்னல்-இரைச்சல் விகித எல்லை 50 டெசிபல். உங்கள் கார்டின் 8 பிட்டும் 50 டெசிபல்தான். 1994 கல்யாண டேப் அதற்குப் பல டெசிபல் கீழே இருக்கும். டெக்கின் டிரம் சுற்றும்போது வருகிற நேர ஆட்டம் மைக்ரோநொடிக் கணக்கு, நீங்கள் பிகோநொடிக்குச் சண்டை போடுகிறீர்கள்! நான் இருபது வருடம் டெக் பார்த்தவன், பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

மூன்று மணி நேரத்தில் அரை நொடி என்றால் இரண்டு கிரிஸ்டலுக்கும் சுமார் 46 பிபிஎம் (பத்து லட்சத்தில் 46 பங்கு) வித்தியாசம். சாதாரண கிரிஸ்டலுக்கு இது இயல்பு. உங்களுக்கு வேண்டியது சுத்தமான க்ளாக்கைவிட, *ஒரே* க்ளாக். ஜிபிஎஸ் எல்லாம் வேண்டாம், மலிவு மாட்யூலில் அது இன்னும் மோசம். பல யூப்ளாக்ஸ் ஜிபிஎஸ் மாட்யூல்கள் உள்ளே 48 மெகாஹெர்ட்ஸை வகுத்துத்தான் டைம்பல்ஸ் என்ற க்ளாக் வெளியீட்டைத் தருகின்றன, 8 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் ஒழுங்காகத் தரும், 10 கேட்டால் 20 நானோநொடி துள்ளும்.

புள்ளிகளுக்கு என் சந்தேகம் கிரவுண்ட். ஹேக்ஆர்எஃப் எந்தக் கணினியில்? லேப்டாப் சார்ஜரோடு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். கார்டின் கிரிஸ்டல் பின்னுக்கு நேராகக் கொடுத்தீர்களா, இடையில் ஒரு கெபாசிட்டர் வைத்தீர்களா? 10 டிபிஎம் (10 மில்லிவாட்) என்றாலே 50 ஓமில் 2 வோல்ட் உச்சிக்கு உச்சி, முழு கெயினில் தள்ளாதீர்கள்.

கோரமங்களா_கோடர்:

இவ்வளவு எதற்கு? ஆடியோவை 46 பிபிஎம் இழுத்து ரீசாம்பிள் செய்தால் முடிந்தது. ஒரு கமாண்ட்.

எஜிபுராவாசி:

@கோரமங்களா அதைத்தான் முதலில் செய்தேன். வெயில் ஏறினால், ஃபேனை நிறுத்தினால் வித்தியாசம் மாறுகிறது. முடிவைப் பொருத்தினால் நடுவில் நலங்கு தள்ளிப்போகிறது.

சிவாஜிநகர் அண்ணா, சார்ஜரைக் கழற்றியதும் புள்ளிகளில் முக்கால்வாசி காணோம். கெபாசிட்டர் வைக்கவே இல்லை, 100 பிகோஃபாரட் ஒன்று போட்டு கெயினைக் குறைத்ததும் மீதியும் போய்விட்டது. நான் ஒரு வாரமாக ஃபேஸ் நாய்ஸ் (ஜிட்டரின் இன்னொரு முகம்) பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் :) ஆனால் மூன்று மணி நேரம் லேப்டாப் பேட்டரி தாங்காதே. அப்புறம் வேறு சில கேசட்டுகளில் ஹைஃபை இல்லை, சாதா லீனியர் ஆடியோ மட்டும். அதற்கு ஆடியோவை டிஜிட்டலாக்கும் பிசிஎம்1802 போர்டு வைத்திருக்கிறேன், அதற்கு 12.288 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் வேண்டும்.

ஜாலஹள்ளி_ஆர்எஃப்:

அப்படியானால் ஹேக்ஆர்எஃப்பை விடுங்கள், எஸ்.பி. ரோட்டில் எஸ்ஐ5351 என்ற க்ளாக் ஜெனரேட்டர் சிப் உள்ள போர்டு ஒன்று வாங்குங்கள். வேடிக்கை என்னவென்றால் அதே குடும்பத்துச் சிப்தான் உங்கள் ஹேக்ஆர்எஃப்புக்கு உள்ளேயும் க்ளாக் கொடுக்கிறது. 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 32 மடங்காக்கி 800, அதை 80-ஆல் வகுத்தால் க்ளாக்-அவுட் சாக்கெட்டில் வருகிற 10. எல்லாம் முழு எண்.

உங்களுக்கு: பிஎல்எல் ஏ-யை 630 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், அதாவது 25-இன் 25.2 மடங்கு. 630-ஐ 22-ஆல் வகுத்தால் அச்சு அசலாக 28.636363. பின்னம் இருந்தால் அது பிஎல்எல் பக்கம் இருக்கட்டும், வெளியே வகுக்கும் எண் இரட்டைப்படை முழு எண்ணாக இருக்கட்டும், ஜிட்டர் குறைய அதுதான் வழி. பிஎல்எல் பி 737.28, அதை 60-ஆல் வகுத்தால் 12.288, பிசிஎம்1802-க்கு 256-ஆல் வகுத்து 48 கிலோஹெர்ட்ஸ். இரண்டு பிஎல்எல்லும் ஒரே கிரிஸ்டலைப் பார்த்து நடப்பதால் படமும் சத்தமும் பிரியவே பிரியாது. கிரிஸ்டல் தப்பாக ஓடினாலும் இரண்டும் சேர்ந்தே தப்பாக ஓடும்.

சிவாஜிநகர்_சால்டரிங்:

அந்தப் போர்டில் மூன்று அவுட்புட் உண்டு, இரண்டு கார்டு, ஒரு பிசிஎம், கணக்கு சரியாக இருக்கிறது. வயர் குட்டையாக, கோஆக்ஸாக இருக்கட்டும், சப்ளையை டெஸ்க்டாப்பின் யூஎஸ்பியிலிருந்தே எடுங்கள், வேறு அடாப்டர் சேர்க்காதீர்கள். கழற்றிய கிரிஸ்டல்களைத் தூக்கிப்போட வேண்டாம். அப்புறம் முழு டேப்பை ஓட்டும் முன் ஹெட்டைத் துடைத்துவிடுங்கள், 1994 கேசட் என்றால் பூஞ்சை இருக்கும், முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

எஜிபுராவாசி:

பூஞ்சை இருக்கிறது அண்ணா. வெள்ளை வெள்ளையாக. சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போகும்போது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் வாங்கி வருகிறேன்.