கிராஃப்ட்ல (ரத்தம் ஓட உள்ள வச்சுத் தைக்கிற செயற்கைக் குழாய்) சீழ் பிடிச்சு ஆபரேஷன் ஆனவங்க அனுபவம்

தேவகோட்டையிலிருந்து:
அப்பச்சிக்குக் கால் பைபாஸ், அடைச்ச ரத்தக்குழாய்க்கு மாத்தா கிராஃப்ட் வச்சது. தொடையிடுக்குத் தையல்ல கசிவு நிக்கவே இல்ல, டிரெஸ்ஸிங் மாத்தி மாத்திரை குடுத்தாக. ஒருநாள் விடியக்காலை முகப்புல உக்காந்திருந்தவுக வேட்டி சிவப்பா நனைஞ்சிருச்சு. கொஞ்சம்தான், தானா நின்னுருச்சு. மதுரை டாக்டர் கேட்டதும், "இது முன்னெச்சரிக்கை, அடுத்தது பீய்ச்சி அடிக்கும்"னு சொல்லி அன்னைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோயிட்டாக.

முடிஞ்சு வெளிய வந்தவுக கிண்ணத்துல அந்த வெள்ளைக் குழாயைக் காட்டினாக. "நல்ல கிராஃப்ட்னா சதையோட ஒட்டிக்கிடக்கும், அறுத்துத்தான் எடுக்கணும். இது இழுத்ததும் கையோட வந்துருச்சு." மேல வழவழன்னு ஒரு படலம். கிருமி அதுக்குள்ள ஒளிஞ்சுக்குமாம், மருந்து எட்டாதாம். மறுகால் ரத்தக்குழாயையே எடுத்து வச்சுத் தச்சு, தொடைத் தசையைத் திருப்பி மேல மூடினாக. 6 வாரம் ஊசி. கால் தப்பிச்சிருச்சு. அந்தக் கிண்ணம் மட்டும் இன்னும் கண்ணுலயே நிக்குது.

காரைக்குடியிலிருந்து:
எல்லாருக்கும் முழுசாத்தான் எடுக்கணும்னு இதைப் படிக்கிறவங்க பயந்துறக் கூடாது. என் மனைவிக்கு டயாலிசிஸ் கிராஃப்ட், கையில. ஊசி குத்துற இடத்துல மட்டும் சீழ். அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, சீழ் படாத வழியா புதுத் துண்டு கொண்டுவந்து இணைச்சாங்க. மயக்கம் தெளிஞ்சதும் என் கையைப் பிடிச்சு அங்க வச்சா. கிர்ர்னு கிராஃப்ட்ல ரத்தம் ஓடுற அந்த அதிர்வு. அப்படியே அழுதுட்டேன்.

பள்ளத்தூரிலிருந்து:
காரைக்குடி அண்ணே, சீழ் ஒரே இடத்துல நின்னாத்தான் அது சரிவரும். குளிர்காய்ச்சல் வந்து ரத்தத்துல கிருமி ஏறிட்டா முழுசா எடுக்கத்தான் வேணும். மிச்சம் விட்ட துண்டுல திரும்ப வரவும் செய்யும், கவனமா இருங்க.

எங்க அண்ணனுக்கு வயித்துப் பெரிய ரத்தக்குழாய்ல கிராஃப்ட். கறுப்பா மலம் போச்சு, அல்சர்னு மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தாக. கிராஃப்ட் குடலை அரிச்சிருந்துச்சு. ஆபரேஷனுக்கே நேரம் இல்லாமப் போச்சு.

அதனால சொல்றேன். வயித்துல கிராஃப்ட் இருக்கிறவங்களுக்கு மலம் கறுத்தாலோ ரத்தவாந்தி வந்தாலோ, கிராஃப்ட் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. கை, தொடையில ரத்தம் வந்தா துண்டைச் சுத்திக்கிட்டு நிக்காதீங்க. வர்ற இடத்துலயே விரலை வச்சு அழுத்துங்க, நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, 108-க்குச் சொல்லுங்க. கொஞ்சமா வந்து நின்னாலும் போயே ஆகணும், தேவகோட்டைக்காரவுக சொன்ன மாதிரி. டயாலிசிஸ் கையில பிபி பாக்க விடாதீங்க; ஊசிக்கு முன்னாடி அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. பழைய ஆபரேஷன் சீட்டைப் பத்திரமா வைங்க. எந்தக் குழாய், எங்கேருந்து எங்க தச்சிருக்குன்னு அதுலதான் இருக்கும், டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பாக.