பெர்லின் தடுப்பில் கிடைத்த அரைப் புள்ளி

ஒரு செஸ் ரேட்டிங் போட்டியில் எனக்கு வெள்ளைக் காய்கள். எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆடினேன். மூன்றாவது நகர்த்தலில் சிப்பாயை ஏ6-க்குத் தள்ளுவார் என்று பார்த்தால், குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தார். ரூய் லோபஸுக்குக் கறுப்பு சொல்லும் பதில்களில் ஒன்றான பெர்லின் தடுப்பாட்டம்!

நான் கேசலிங் செய்தேன் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி, ராஜாவைப் பாதுகாப்பாக ஓரத்தில் வைப்பது), அவர் ஈ4 சிப்பாயை எடுத்தார். எட்டாவது நகர்த்தலுக்குள் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விட்டன. அவருடைய ராஜா டி8-ல் நிற்கிறது, இனி கேசலிங் கிடையாது. சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய் வேறு. ராஜா பக்கம் எனக்கு நான்கு சிப்பாய்கள், அவருக்கு மூன்று. பார்த்தால் வெள்ளைக்குச் சாதகம் போலத்தான் தெரியும். ஆனால் கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் இருக்கின்றன, உடைக்க இடமே கிடைப்பதில்லை.

2000-ல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் பட்டத் தொடரில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவைக் கட்டிப்போட்டார். 1, 3, 9, 13 ஆகிய ஆட்டங்களில் பெர்லின், நான்குமே டிரா. 1985 முதல் சாம்பியனாக இருந்த காஸ்பரோவ் அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 6.5 - 8.5 என்று பட்டத்தை இழந்தார். அந்த ஆட்டங்களைச் சலிப்பானவை என்று சொல்பவர்களை என்னால் ஏற்கவே முடியாது.

சரி, என் ஆட்டத்துக்கு வருகிறேன். ஜி4 தள்ளி எஃப்5 குதிரையை விரட்டினேன். யானைகளும் குதிரைகளும் மாறி மாறி வெட்டுப்பட்டு, கடைசியில் ஆளுக்கொரு பிஷப் மிஞ்சியது. என்னுடையது கறுப்புக் கட்டத்தில், அவருடையது வெள்ளைக் கட்டத்தில். என் ஈ5 சிப்பாய்க்கு நேர் எதிரே, ஈ6-ல் அவர் ராஜா வந்து உட்கார்ந்துவிட்டது. அது வெள்ளைக் கட்டம், என் பிஷப்பால் அங்கே எதுவும் செய்ய முடியாது. எஃப்5 தள்ளலாம் என்றால் அதற்கும் அவர் பிஷப்பும் ஜி6 சிப்பாயும் காவல்.

காயை நகர்த்தி, டிரா கேட்டுவிட்டு, கடிகாரத்தை அழுத்தினேன். ஸ்கோர் ஷீட்டில் டிரா கேட்டதற்கு அடையாளமாகச் சமக்குறி போட்டுக்கொண்டேன். அவர் நிதானமாகப் பலகையைப் பார்த்துவிட்டு, டிராவுக்குச் சம்மதித்துக் கை கொடுத்தார். ஆளுக்கு அரைப் புள்ளி.

வெளியே உட்கார்ந்து அலசியபோது, "ஒரு ஜோடி யானையையாவது வச்சிருந்தா நான் திணறியிருப்பேன் தம்பி" என்றார்.

இப்போது பலர் நான்காவது நகர்த்தலில் டி3 ஆடி, ராணிகளைப் பலகையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நான் இன்னும் கேசலிங்தான் செய்கிறேன். ராணிகள் போன பிறகு வரும் அந்த முடிவாட்டத்தை வெள்ளையாக ஆடி ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும்.