‘சமூக ஒட்டுண்ணி’க்கு மாற்றுச் சொல் வேண்டும்: கேப் தேனீயை முன்வைத்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கூடி வாழும் ஓர் உயிரினக் குடும்பத்தின் உழைப்பில் வேறொன்று வாழ்வதை ஆங்கிலத்தில் சோஷியல் பாரசிட்டிசம் என்கிறார்கள். அதற்கு நாம் எல்லோரும் ‘சமூக ஒட்டுண்ணித்தன்மை’ என்றே எழுதி வருகிறோம், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது அதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் ஒரு அண்ணனிடம் வரைவை வாசித்துக் காட்டினேன். பெட்டியைத் திறந்து சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். ‘சமூக ஒட்டுண்ணி’ வந்ததும், “உண்ணிதானே? சட்டத்து மேல கந்தகத் தூள் தூவினா சரியாயிருமே” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தேனீ வளர்ப்பவருக்கு ஒட்டுண்ணி என்றால் வரோவா, அதாவது ஈயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உண்ணும் ஒன்று. நான் சொல்ல வந்ததோ எங்கும் ஒட்டாத, எதையும் கடிக்காத, பார்ப்பதற்கு இன்னொரு தேனீ போலவே இருக்கும் ஒரு தேனீயைப் பற்றி.

கேப் தேனீ, ஏபிஸ் மெல்லிஃபெரா கேப்பென்சிஸ், தென்னாப்பிரிக்காவின் தெற்கு, தென்மேற்கு ஓரத்தில் வாழ்வது. வடக்கே இருப்பது ஸ்கூட்டெல்லாட்டா என்ற வேறொரு உள்ளினம். மற்றத் தேனீக்களில் ராணி இல்லாமல் போனால் பணித் தேனீக்கள் சில முட்டையிடத் தொடங்கும், ஆனால் அவை கருவுறாத முட்டைகள், எல்லாம் ஆண் ஈயாகவே பொரிக்கும், அந்தக் குடும்பம் அத்தோடு முடிந்தது. பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கேப் தேனீயின் பணித் தேனீ மட்டும் ஆணோடு கூடாமலே பெண் முட்டை இடுகிறது. ஓனியன்ஸ் என்ற கேப் தேனீ வளர்ப்பாளர் இதை 1912லேயே எழுதி வைத்தார். முட்டைக்குள் குன்றல் பிரிவு (மரபுத்தொகுதியைப் பாதியாக்கும் செல் பிரிவு) முடிந்து நான்கு உட்கருக்கள் வரிசையாக நிற்கும்போது நடுவில் உள்ள இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன, தகப்பன் இல்லாமலே இரட்டை மரபுத்தொகுதி கிடைத்துவிடுகிறது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, 11ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு மரபணுவை இதற்குக் காரணமாகக் காட்டியது.

(இந்த இயல்புக்கு நான் ‘பெண்ணீற்று’ என்று போட்டிருக்கிறேன். மாடு கன்று போடுவதைத் தலையீற்று, இரண்டாம் ஈற்று என்கிறோமே, அந்த ஈற்றுதான். கருவுறா முட்டையில் ஆண் பிறந்தால் ‘ஆணீற்று’. கன்னி இனப்பெருக்கம் என்ற பொதுச்சொல் இரண்டுக்கும் மேலே இருந்துகொள்ளட்டும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.)

இனி முக்கியமான பகுதி. 1990இல் பெட்டிகளை இடம் மாற்றி மாற்றித் தேன் எடுப்பவர்கள் சுமார் 200 கேப் குடும்பங்களை வடக்கே, ஸ்கூட்டெல்லாட்டா பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கேப் பணித் தேனீக்கள் பக்கத்துப் பெட்டிகளுக்குள் நுழைந்தன. நுழைந்தவை பூவுக்குப் போவதில்லை, அடை கட்டுவதில்லை. சினைப்பை வளர்ந்து, ராணியின் தாடைச் சுரப்பியில் வரும் வாசனையைத் தாங்களே சுரக்கத் தொடங்கிவிடுகின்றன, அந்தப் பெட்டியின் சொந்தத் தேனீக்களும் அவற்றை ராணி என்று நினைத்து ஊட்டுகின்றன. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் கிடக்கும். பொரித்து வருவதெல்லாம் கறுத்துப் பளபளக்கும் கேப் ஈக்கள், அவையும் வேலைக்குப் போகாது. அதற்குள் சொந்த ராணி காணாமல் போயிருக்கும். வெளியே போய்வரும் பழைய பணித் தேனீக்கள் வயதாகிச் சாகச் சாகக் குடும்பம் சுருங்கி, கடைசியில் செத்துப்போகிறது. கேப் ஈக்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகின்றன. ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் அழிந்தன. இன்றும் வடக்கே பெட்டிகளைக் கெடுப்பவை 1990 வாக்கில் இருந்த ஒரே ஒரு பணித் தேனீயின் வழிவந்த நகல்கள் என்பதை மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. ஒரே ஒரு ஈ! எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

இதைப் படித்தவுடன் நமக்கு என்ன பழமொழி வருகிறது? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம். அச்சு அசல் இதுதானே நடந்தது? அதனால் என் பரிந்துரை: ‘ஒண்டுயிரி’. ஒண்டு, உயிரி, அவ்வளவுதான். நிகழ்வுக்கு ‘ஒண்டுவாழ்வு’. உண்ணி என்ற ஈற்றே இல்லாததால் வரோவாவோடு குழம்பாது. இன்னொரு காரணமும் உண்டு. ‘சமூக ஒட்டுண்ணி’ என்பதை மனிதர்களைத் திட்டும் சொல்லாக மேடையில் போட்டுப் போட்டு, அறிவியலில் எழுதினாலும் திட்டுவது போலவே காதில் விழுகிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

மறுமொழி

தம்பிக்கு,

பெண்ணீற்று, ஆணீற்று இரண்டும் அருமை. முப்பது வருடம் உயிரியல் நடத்தினேன், எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுங்கள்.

ஒண்டுயிரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் பாடத்தைச் சொல்கிறேன். சோஷியல் பாரசிட்டிசம் கேப் தேனீக்கு மட்டும் ஆன சொல் இல்லை, எறும்பிலும் பம்பிள் தேனீயிலும் அதே சொல்தான். குயில் பம்பிள் தேனீ என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அதன் பெண் இன்னொரு பம்பிள் தேனீயின் கூட்டில் புகுந்து அந்தப் பணித் தேனீக்களை வைத்தே தன் குஞ்சுகளை வளர்த்துக்கொள்ளும். அதற்கு ஒண்டு பொருந்தும். ஆனால் பாலியெர்கஸ் எறும்பு? அது ஒண்டவே இல்லை. படை திரட்டிப் போய் வேறு எறும்பின் கூட்டுப்புழுக்களைத் தூக்கித் தன் புற்றுக்குக் கொண்டுவருகிறது, அவை அங்கே பொரித்து அதற்கு வேலை செய்கின்றன, இரைகூட ஊட்டிவிடுகின்றன. தன் வீட்டில் தானே இருப்பதை ஒண்டுயிரி என்று எப்படிச் சொல்வீர்கள்?

இரண்டாவது என் மனசில் உள்ளது. நான் வளர்ந்தது ஒண்டுக்குடித்தனத்தில். ஏழு குடும்பம், ஒரு கிணறு. என் அம்மா பிரசவத்துக்குப் போனபோது எனக்குத் தலை பின்னிச் சோறு போட்டு அனுப்பியது எதிர் அறை அக்காதான். யாரும் யாரையும் சுரண்டவில்லை. மனிதர்களைத் திட்டும் வாசனை வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டு, ஏழைகள் தலை சாய்த்த ஒரு சொல்லை எடுத்து இதற்கு வைக்கலாமா?

குயிலிலிருந்து ஏதாவது எடுக்கலாமா என்றும் பார்த்தேன். காக்கைக் கூட்டில் வளர்வதால் குயிலுக்குப் பரபுட்டம் என்று ஒரு பெயர் உண்டு, பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். ஆனால் அது வடசொல், போதாக்குறைக்கு வளர்ந்த குஞ்சைத்தான் சொல்கிறது, செய்த காரியத்தைச் சொல்லவில்லை. ஆகவே என் கையில் இப்போது சொல் இல்லை. யோசியுங்கள்.

*

மறுமொழி

அம்மா,

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பாலியெர்கஸ் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒண்டுயிரி அதில் நிற்காது. எதிர் அறை அக்காவைப் படித்த பிறகு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை. விட்டுவிட்டேன். பழமொழி கட்டுரைக்குள் உவமையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் உங்கள் உதாரணங்களையே வரிசையாக வைத்துப் பார்த்தேன். கேப் தேனீ உள்ளே வருகிறது, பாலியெர்கஸ் வெளியிலிருந்து தூக்கி வருகிறது, குயில் பம்பிள் தேனீ கூட்டையே பிடித்துக்கொள்கிறது. வழி ஒவ்வொன்றுக்கும் வேறு, எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான்: இன்னொரு குடும்பத்தின் உழைப்பு. ஊட்டும் பால், அடை கட்டும் மெழுகு, பூவுக்குப் போய்வரும் பறப்பு. ஆகவே ‘உழைப்புக்களவு’ என்று வைத்தால் என்ன? செய்வது ‘களவுயிரி’, தேவைப்படும் இடத்தில் ‘உழைப்புக் களவுயிரி’. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்திலேயே ‘இரைக்களவு’ என்ற சொல்லும் கிடைத்துவிடுகிறது. மண்டையோட்டு அந்திப்பூச்சி ராத்திரியில் கூட்டுக்குள் புகுந்து தேனைக் குடித்துவிட்டுப் போகிறதே, அது இரைக்களவு. தேனீப் பேன் என்கிற பிரவுலா, உண்மையில் பேனும் அல்ல தேனீயும் அல்ல, இறக்கை இல்லாத ஓர் ஈ, தேனீயின் வாயருகே ஊர்ந்து போய் உணவைப் பிடுங்கித் தின்னும், அதுவும் இரைக்களவு. வரோவா ஒட்டுண்ணியாகவே இருக்கட்டும், உடம்பில் ஒட்டித்தானே உண்கிறது. மூன்றும் மூன்று சொல், மூன்றிலும் என்ன பறிபோகிறது என்று சொல்லிலேயே தெரிகிறது.

களவுக்குச் சங்கப் பொருள் உண்டே என்று யாராவது கேட்கலாம். அகத்திணைக் களவைப் படித்தவர் யாரும் தேன்பெட்டியைப் பற்றிய கட்டுரையில் தடுமாற மாட்டார். இதைவிட வலுவான மறுப்பு, களவு என்பதும் குற்றம் சாட்டும் சொல்தானே என்பது. சரிதான், ஆனால் அது ஒரு செயலின் மேல் வைத்த பெயர், எந்த மக்கள் கூட்டத்தின் மேலும் இல்லை. அந்த வேறுபாடு எனக்குப் போதும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

உழைப்புக்களவு: கூடி வாழும் ஓர் உயிரினத்தின் குடும்பம் தன் குஞ்சுகளுக்காகச் செய்யும் உழைப்பை வேறோர் உயிரினமோ அதே இனத்தின் வேறு கிளையோ தன் குஞ்சுகளுக்காகவோ தனக்காகவோ பயன்படுத்திக்கொள்ளுதல்.

‘அதே இனத்தின் வேறு கிளை’ என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். கேப் தேனீயும் ஸ்கூட்டெல்லாட்டாவும் ஒரே இனம், அது இல்லாவிட்டால் நாம் பேசத் தொடங்கிய தேனீயே வரையறைக்கு வெளியே போய்விடும்.

நேற்று மறுபடி அந்த அண்ணனிடம் போனேன். ‘உழைப்புக்களவு’ என்று வாசித்தபோது கந்தகத் தூள் பேச்சு வரவில்லை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது முட்டை போட்டா மத்த ஈ தின்னுருமே, ஏன் விட்டுச்சு?” என்று கேட்டார். நான் அதை எழுதவே இல்லை. ராட்னீக்ஸ், விஷர் என்ற ஆய்வாளர்கள் 1989இல் காட்டியது அதைத்தான்: ராணி இருக்கும் குடும்பத்தில் பணித் தேனீ இடும் முட்டையை மற்றப் பணித் தேனீக்களே கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. வடக்கே பரவிய அந்தக் கேப் நகல்களின் முட்டைகள் இதிலிருந்து தப்பிவிடுகின்றன என்பது 2002இல் வந்த ஆய்வு. இவ்வளவு நாள் பெட்டியைப் பார்த்தே அவர் கேட்ட கேள்விக்குக் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

ஆனால் அந்த முட்டை தின்னும் செயலுக்கு ஆங்கிலத்தில் ‘போலீசிங்’ என்கிறார்கள். ‘காவல்’ என்று போட்டால் கூட்டு வாசலில் நிற்கும் காவல் தேனீயோடு குழம்பும். ‘முட்டைக்களைவு’ என்று ஒன்று எழுதி அடித்து வைத்திருக்கிறேன், களை எடுப்பது போல. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அம்மாவும் வர வேண்டும்.